ஆற்றில் வந்த காய்: ஆனைமலையில் காண வேண்டியவை

ஆனைமலைக்குச் செல்வோர் பெரும்பாலும் அரைநாளில் திரும்பிவிடுகின்றனர். பொள்ளாச்சியிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், தென்னந்தோப்புகளுக்கும் நெல்வயல்களுக்கும் இடையே அமைந்த சிற்றூர் அது. மாசாணியம்மன் கோயிலில் வழிபாடு, ஆழியாறு அணையில் சிறிது நேரம், இயன்றால் சேத்துமடை வழியாக டாப்ஸ்லிப் வரை ஒரு பயணம்; இவ்வளவோடு பட்டியல் முடிந்துவிடும். நம் வட்டத்தின் பத்தாண்டு மலருக்காக இவ்வூரைப் பற்றி எழுத அமர்ந்தபோது, அந்தப் பட்டியலை மாற்ற வேண்டிய தேவை எனக்குத் தோன்றவில்லை. காண வேண்டிய இடங்கள் அவையேதாம். ஆனால் ஒரு பழம்பாட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவற்றைக் காண்பவனுக்கு, அந்த ஊர் வேறொன்றாகத் தெரிகிறது. அப்பாட்டு குறுந்தொகையின் 292ஆம் பாடல், பாடியவர் பரணர்.

நம் அன்பர்கள் அறிந்த பாடல்தான். ஆயினும் அதன் அமைப்பைச் சற்று நின்று நோக்குதல் நலம். நீராடச் சென்ற பெண்ணொருத்தி, ஆற்றுநீர் கொண்டுவந்த பச்சைக்காய் ஒன்றை எடுத்துத் தின்றுவிடுகிறாள். அக்காய் நன்னனுடைய மரத்தினது. அந்தக் குற்றத்துக்கு ஈடாக 81 களிறுகளும், அவள் எடைக்கு எடை பொன்னாற் செய்த பாவையும் கொடுக்க முன்வருகின்றனர். நன்னன் அவற்றை ஏற்கவில்லை; அவளைக் கொன்றுவிடுகிறான். இவ்வளவு பெரிய கொடுமையைப் பரணர் ஓர் உவமையின் அளவிலேயே சொல்லிச் செல்கிறார். பாட்டின் பொருள் வேறு. தலைவன் ஒருநாள் விருந்தினன்போல் வந்து போனான். அன்று முதல் தாய் இரவெல்லாம் உறங்காது மகளைக் காவல் செய்கிறாள். அந்த நன்னனைப் போல இவளும் நீங்கா நரகத்துக்குப் போகட்டும் என்று தோழி சினந்து உரைக்கிறாள். காதல் வாழ்வின் ஒரு சிறு பிணக்கில், ஒரு நாட்டின் பெரும்பழி சாபச் சொல்லாகப் பயன்படுகிறது. உவமை விளங்கவேண்டுமானால் கேட்போர் அனைவருக்கும் கதை முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே பரணர் பாடுவதற்கு முன்பே அக்கதை ஊர்வாயில் இருந்தது என்று கொள்வதில் தடையில்லை.

இங்கே இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்வோம். பாட்டில் ‘மாங்காய்’ என்ற சொல் இல்லை. காய் என்று மட்டுமே உள்ளது. அதே பரணர் குறுந்தொகையின் 73ஆம் பாடலில், கோசர் நன்னனது நறுமணமுள்ள மாமரத்தை வெட்டிய செய்தியைக் கூறுகிறார். இரண்டையும் இணைத்தே அது மாங்காய் எனவும், மரத்தை வெட்டியது பழிவாங்கும் செயல் எனவும் உரைகாரர் கொண்டனர். இரண்டாவது செய்தி, கொலையுண்டவளுக்குப் பாட்டில் பெயர் இல்லை என்பது. கொன்றவன் பெயர் இருக்கிறது. அவன் மறுத்த யானைகளின் எண்ணிக்கைகூட இருக்கிறது.

இனி ஆனைமலைக்கு வருவோம். ஆழியாற்றங்கரையில் இருந்த நன்னனின் மாமரத்துக் காயைத் தின்றதனால் கொல்லப்பட்ட பெண்ணே மாசாணியம்மனாக இங்கே உறைகிறாள் என்பது ஊர் வழக்கு. இவ்வூரின் பழம்பெயர் நன்னனூர் என்றும் சொல்வார்கள். கோயிலைப் பற்றி எழுதுவோர் பலரும் இதனை ஐயமற்ற வரலாறாகவே எழுதிவிடுகின்றனர். வரலாற்றுக் கண்கொண்டு பார்த்தால் செய்தி அவ்வளவு எளிதன்று.

பெண்கொலை புரிந்த நன்னனின் நாடு மேலைக் கடற்கரையைச் சார்ந்தது என்பதே ஆய்வாளரிற் பெரும்பாலோர் கருத்து. அகநானூற்றுப் பாடல்கள் அவனோடு தொடர்புபடுத்தும் ஏழில்மலை, இன்றைய கேரளத்துக் கண்ணூர் மாவட்டத்தில் உள்ள எழிமலை. இந்தியக் கடற்படையின் பயிற்சிக் கழகம் இன்று அங்கே இருக்கிறது. களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல் வாகைப் பெருந்துறைப் போரில் ஒரு நன்னனை வென்றான் என அகநானூறு கூறும். பதிற்றுப்பத்தோ அவனது காவல்மரம் வாகை என்கிறது. மா என்று சொல்லவில்லை. மலைபடுகடாத்தின் தலைவனாகிய நன்னன் சேய் நன்னன் செங்கம் பகுதியை ஆண்டவன், அவன் வேறொருவன். நன்னன் என்ற பெயர் ஒரு குடிப்பெயர்போல் வழங்கியிருக்கிறது. இவற்றுள் எதுவும் ஆனைமலையை நேராகச் சுட்டவில்லை.

ஆனால் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடவும் இயலாதபடி ஒரு செய்தி குறுக்கே நிற்கிறது. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தைப் பாடியவரும் பரணரே. கடல் பிறக்கோட்டிய செங்குட்டுவனைப் பாடி அவர் பெற்ற பரிசில் இன்னதென அப்பத்தின் பதிகம் கூறுகிறது: உம்பற்காட்டு வருவாயும், அரசனின் மகன் குட்டுவன் சேரலும். உம்பல் என்பது யானை. உம்பற்காடு ஆனைமலைப் பகுதியே என்று கொண்ட அறிஞர் பலர். இரண்டாம் பத்தின் பதிகமும் உம்பற்காட்டில் 500 ஊர்களைக் குமட்டூர்க் கண்ணனார் பிரமதாயமாகப் பெற்றதைச் சொல்கிறது. மூன்றாம் பத்தின் பதிகம் பல்யானைச் செல்கெழு குட்டுவன் அக்காட்டைத் தன் ஆட்சியின்கீழ்க் கொண்டுவந்ததைக் கூறுகிறது. பதிகங்கள் பாடல்களுக்குப் பிற்பட்டவை. ஆதலால் அளவோடுதான் நம்பவேண்டும். எனினும், நன்னனின் பழியை நமக்குச் சொல்லிவைத்த புலவரையும் இந்த யானைக்காட்டையும் பழந்தமிழ் மரபு ஒருங்கே நினைத்தது என்ற அளவில் அது உண்மை. எழிமலைக் கதை மலையேறி இங்கு வந்ததற்குப் பாலக்காட்டுக் கணவாய் ஒன்றே போதிய வழி. அக்கணவாய் வழியேதான் மேலைக்கடல் வாணிகமும் கொங்கில் நுழைந்தது. முசிறியிலிருந்து சென்ற சரக்கைக் குறிக்கும் இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்கத் தாள்சுவடி ஒன்று வியன்னாவில் இருக்கிறது. அந்தச் சரக்கில் யானைத் தந்தமும் உண்டு. சேரர் இக்காட்டை ஏன் விரும்பினர் என்பதற்கு இதைவிடச் சான்று தேடவேண்டியதில்லை.

இடையே ஒரு சொல். மதுரைக்கு அருகே ஒத்தக்கடையிலும் ஓர் ஆனைமலை உண்டு. அது யானை படுத்தாற்போன்ற தோற்றத்தால் பெயர் பெற்ற குன்று. நம் ஆனைமலைக்கு உவமை தேவைப்படவில்லை. யானைகளே இருந்தன, இருக்கின்றன.

வழக்கை ஐயுறுவோர் எழுப்பக்கூடிய கூரிய வினா இன்னொன்று உண்டு. குறுந்தொகை அச்சில் முதலில் வந்தது 1915இல், சௌரிப்பெருமாள் அரங்கனாரின் பதிப்பாக. உ. வே. சாமிநாதையரின் உரையோடு கூடிய பதிப்பு 1937இல் வந்தது. அதன்பின் தமிழ் படித்த ஆசிரியர் எவரேனும் பாட்டைக் கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கலாமல்லவா? நன்னன் என்ற பெயரைப் பொறுத்தவரை அவ்வாறு நேர்ந்திருக்கக்கூடும். ஆனால் கோயிலின் வடிவத்தை எந்தப் பதிப்பும் கொண்டுவந்திருக்க முடியாது. அநீதியாய் இறந்த பெண் தெய்வமாவது கொங்குநாட்டின் பழைய வழக்கம். தீப்பாய்ந்தவளுக்கும் வீரமாத்திக்கும் கல் எடுத்துப் பூசை செய்யும் ஊர்கள் இங்கே மிகப் பல. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறுவதை நினைக்கலாம்: கொங்கிளங்கோசர் தம் நாட்டில் கண்ணகிக்கு விழாவெடுக்க, மழை பொய்யாமல் பெய்தது. நன்னனின் மாமரத்தை வெட்டியவர்களும் கோசரே. அநீதியாய்க் கணவனை இழந்தவளுக்கு விழா எடுத்த கூட்டத்தின் பெயரும், நன்னனின் மரத்தை வீழ்த்திய கூட்டத்தின் பெயரும் ஒன்றாயிருப்பது என் மனத்தை விட்டு அகலவில்லை.

என் முடிபைச் சொல்லிவிடுகிறேன். நன்னனின் கோட்டை ஆனைமலையில் இருந்தது எனக் கொள்வதற்குச் சான்று போதாது. அப்பெண்ணின் நினைவு இங்கே தங்கியிருக்கிறது என்பதற்குச் சான்று, நாள்தோறும் அக்கோயிலில் நிற்கும் கூட்டம்.

கோயிலுக்குள் செல்வோம். உப்பாற்றங்கரையில் அமைந்த இக்கோயிலில் அம்மன் நிற்கவில்லை, அமரவுமில்லை. தெற்கே தலைவைத்து மல்லாந்து படுத்திருக்கிறாள். 15 அடிக்கும் மேற்பட்ட நெடிய உருவம். கைகளில் சூலம், உடுக்கை, கபாலம், பாம்பு. மயானத்தில் கிடப்பவள் என்ற பொருளிலேயே மாசாணி என்ற பெயரை ஊரார் விளக்குகின்றனர். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை பார்த்துவிட்டு நகரும்போது, கொலையுண்ட உடலொன்றைச் சுற்றிவந்த உணர்வு நமக்கு ஏற்பட்டே தீரும். சிலையின் கலையழகை மட்டும் தேடிச் செல்வோர் ஏமாறக்கூடும். இது கலைக்கூடமன்று.

அங்கே காண வேண்டியவற்றுள் முதன்மையானது நீதிக்கல். பொருளைப் பறிகொடுத்தவர்கள், நம்பி மோசம் போனவர்கள், ஊர்ப் பஞ்சாயத்திலும் நீதிமன்றத்திலும் நியாயம் கிடைக்காதவர்கள் இங்கு வந்து ஆட்டுக்கல்லில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிடுகின்றனர். எரிச்சல் தீங்கு செய்தவனைச் சென்று தாக்கும் என்பது நம்பிக்கை. முறையீடு பலித்தபின் எண்ணெய் சாற்றி அம்மனைக் குளிர்விப்பார்கள். இதனைப் பகுத்தறிவின் பெயரால் ஏளனம் செய்வது எளிது. நானும் மிளகாயின் ஆற்றலுக்கு வாதாட வரவில்லை. ஆனால் அந்தக் கல்லருகே நிற்கும் பெண்களின் முகத்தைப் பார்த்தவர்கள் ஏளனம் செய்யமாட்டார்கள். நன்னன் அவையில் 81 யானைகளும் பொன்பாவையும் கொண்டு கேட்டும் கிடைக்காத நியாயத்தை, ஒரு பிடி மிளகாயைக் கொண்டு இவர்கள் கேட்கிறார்கள். கேட்பது, அன்று கொல்லப்பட்டவளிடம். நம் கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அங்கே சற்று விலகி நில்லுங்கள், அரைப்பவர்களின் காதருகே சென்று குறிப்பெடுக்காதீர்கள். அது அவர்களுடைய வழக்கு.

தை அமாவாசையில் கொடியேறித் தொடங்கும் குண்டம் திருவிழா இவ்வூரின் பெருவிழா. ஆற்றங்கரையில் நள்ளிரவு மயான பூசை நடக்கும். பின்னர்க் குண்டம். ஆண்கள் தீயில் இறங்க, பெண்கள் கனிந்த நெருப்பைக் கையால் அள்ளுவார்கள். அதற்குப் ‘பூ அள்ளுதல்’ என்று பெயர். நெருப்பைப் பூ என்று சொல்லும் மொழியுணர்ச்சி நம் கவிதைத் தொகுதிகள் பலவற்றில் எனக்குக் கிடைத்ததில்லை. கோயிலை நிதானமாகக் காண விரும்புவோர், செவ்வாய், வெள்ளி, அமாவாசை நாட்களைத் தவிர்த்துச் செல்வது நல்லது.

கோயிலை விட்டு ஆற்றுக்கு வருவோம். பாட்டில் பெண்ணுக்குக் காயைக் கொடுத்தது ஆறு. ஆழியாறு ஆனைமலையைக் கடந்து மேற்கே கேரளத்துக்குள் சென்று, சித்தூர்ப்புழையோடு கூடிப் பாரதப்புழையாகிப் பொன்னானியில் கடல் சேர்கிறது. ஆனைமலையில் ஆற்றில் விழுந்த காய் மிதந்தால் எழிமலை இருக்கும் அதே கடற்கரையைத்தான் சென்று சேரும். அந்த ஆற்றிலிருந்து காரப்பட்டி, பள்ளிவிளங்கால், அரியாபுரம், பெரியணை, வடக்கலூர் என்ற ஐந்து பழைய வாய்க்கால்கள் பிரிகின்றன. அவற்றால் பாசனம் பெறும் 6,400 ஏக்கரைப் பழைய ஆயக்கட்டு என்பார்கள். அணையைப் பார்ப்பதைவிட இந்த வாய்க்கால்களில் ஒன்றின் கரையில் ஒரு மணி நேரம் நடப்பது மேல் என்பது என் கருத்து. நெல்வயல்களின் விளிம்பில் நின்றால் மலைத்தொடர் முழுவதும் கண்ணுக்குக் கிடைக்கும்.

மேற்கே ஓடிய ஆறுகளைச் சுரங்கங்களாலும் கால்வாய்களாலும் கிழக்கே திருப்பிய பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தைப் பிரதமர் நேரு 1961இல் தொடங்கிவைத்தார். காமராசர் முதலமைச்சராக இருந்த காலம் அது. அத்திட்டத்துக்காக ஓயாது உழைத்தவர்களுள் ஆனைமலைக்கு அருகிலுள்ள வேட்டைக்காரன்புதூரைச் சேர்ந்த வி. கே. பழனிசாமிக் கவுண்டர் ஒருவர். தமிழ்நாடும் கேரளமும் 1970இல் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, ஆண்டுதோறும் மணக்கடவு அணைக்கட்டில் 7.25 ஆயிரம் மில்லியன் கன அடி நீரைக் கேரளத்துக்கு விடவேண்டும். எஞ்சியதைப் பழைய ஆயக்கட்டும் புதிய ஆயக்கட்டும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மழை குறைந்த ஆண்டுகளில் எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று எழும் பூசலைக் கேட்டவர்களுக்கு, ஆற்றில் வந்த காய் யாருடையது என்ற வினா பழையதாகத் தோன்றாது. மரத்தை நட்டவனுக்கா, ஆற்றில் இறங்கியவளுக்கா? நன்னன் தன் விடையைச் சொன்னான். நாம் இன்னும் பேச்சு நடத்திக்கொண்டிருக்கிறோம். அது எவ்வளவோ மேல்.

மூன்றாவதாக மலை. சேத்துமடையில் வனத்துறையின் சோதனைச் சாவடியைக் கடந்து வளைந்து ஏறும் பாதை டாப்ஸ்லிப்பில் முடிகிறது. பெயரின் காரணம் பலரும் அறிந்ததே: மேலே வெட்டிய மரங்களைச் சரிவில் உருட்டிக் கீழே தள்ளிய இடம். பம்பாய்க் கப்பல் தளத்துக்குத் தேக்கு வேண்டி, லெப்டினண்ட் மைக்கேல் என்ற படையதிகாரி 1848இல் இக்காடுகளில் மரவேலைக்கு அமர்த்தப்பட்டார். பத்தே ஆண்டுகளில், 1858இல், சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளர் கிளெக்ஹார்ன் இம்மலையின் உயர்பகுதிகளை ஆராய வந்தார். எஞ்சியது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் நிலை அதற்குள் வந்துவிட்டது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தின்கீழ், காட்டில் விழுந்து கிடக்கும் காயும் தேனும் விறகும் அரசின் உடைமையாயின. நன்னனின் சட்டம் அச்சேறியது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். காடர்களிடமும் மலசர்களிடமும் கேட்டால் மிகையாகத் தோன்றாது.

வெள்ளைக்கார அதிகாரிகள் அனைவரையும் ஒரே தட்டில் நிறுத்துவதும் நேர்மையன்று. 1915ஐ ஒட்டி இங்கே வந்த ஹியூகோ வுட், வேரோடு வெட்டாமல் அடிமரத்தை விட்டு வெட்டித் துளிர்க்கச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். கைத்தடியால் நிலத்தைக் குத்தித் தேக்கு விதையிட்டபடியே அவர் நடந்த கதையை இன்றும் சொல்கிறார்கள். 1933இல் இறந்த அவரது கல்லறை டாப்ஸ்லிப்பை அடுத்த தேக்குக் காட்டுக்குள் இருக்கிறது. என் நினைவுச் சின்னத்தைக் காண வேண்டுமா, சுற்றிலும் பார் என்னும் பொருள்பட இலத்தீன் தொடரொன்று அதன்மேல் உண்டு. லண்டனில் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டபர் ரென்னின் கல்லறைக்காக எழுதப்பட்ட தொடர் அது. தேக்கு மரங்களுக்கு நடுவே அது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. கல்லறையைத் தேடிச் செல்லும் அன்பர்கள், மரங்களை நட்டு வளர்த்த கூலிகளான மலைமக்களுக்கு அங்கே கல் இல்லை என்பதையும் கவனிப்பார்கள்.

காடர், மலசர், மலைமலசர், எரவாளர், புலையர், முதுவர் ஆகியோர் வாழும் இக்காடு 1976இல் சரணாலயமாகவும் 2007இல் புலிகள் காப்பகமாகவும் ஆனது. வனவுரிமைச் சட்டம் 2006இல் வந்தது. சட்டம் வந்ததும் உரிமை வந்துவிடவில்லை. 2019 ஆகஸ்ட் மழையில் மண் சரிந்து வீடிழந்த கல்லார்குடிக் காடர்கள், தெப்பக்குளமேட்டில் தமக்குத் தெரிந்த நிலத்தில் குடியேறக் கேட்டனர்; கிடைக்கவில்லை. நெடிய போராட்டத்துக்குப் பின்னரே அவர்களுக்கு அங்கே நிலவுரிமை வழங்கப்பட்டது. மலைக்குச் செல்லும் நாம் காட்சிமுனைகளின் பெயர்களைக் கேட்டறிகிறோம். இந்தக் குடிகளின் பெயர்களையும் அந்த வரிசையில் கேட்டறியலாம்.

நம் வட்டம் செய்யக்கூடிய பணி ஒன்றும் எஞ்சியிருக்கிறது. மாசாணியின் கதையை ஆனைமலையைச் சுற்றியுள்ள ஊர்களின் மூத்த பெண்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதிவைக்க வேண்டும். அவள் எந்த ஊர்ப் பெண், காயா கனியா, அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் என்ன, கொன்றவனுக்கு அவர்கள் சொல்லும் பெயர் நன்னன்தானா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். அச்சிட்ட தலவரலாறு ஒரே கதையைச் சொல்கிறது. வாய்க்கதைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்த வேறுபாடுகளில்தான் பாட்டுக்கும் ஊருக்கும் உள்ள உறவு தெரியவரும். அச்சில் வராத கதையை அறிந்த தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது.

டாப்ஸ்லிப் சென்றவர்கள் கோழிகமுத்தி யானை முகாமையும் காணாமல் திரும்பவேண்டாம். வனத்துறையின் வண்டியில் அழைத்துச் செல்வார்கள். பாகர்களிற் பெரும்பாலோர் மலசர் குடியினர். காட்டுயானைகளைப் பிடிக்கவும் விரட்டவும் 99 முறை சென்றுவந்த கலீம் என்ற கும்கி, 60 வயதில், 2023 மார்ச்சில் வனத்துறையினரின் அணிவகுப்பு மரியாதையோடு ஓய்வு பெற்றது இங்கேதான். உணவு வேளையில் யானைகள் வரிசையாக வந்து நிற்கும். கேழ்வரகும் கொள்ளும் அரிசியும் கலந்து பிசைந்த உருண்டைகளைப் பாகர்கள் வாயில் ஊட்டுவார்கள். முகாமில் இருப்பவை இருபதுக்குச் சற்று மேற்பட்டவை. அவை அனைத்தும் ஒருங்கே நிற்கும்போதே கரை கொள்ளாமல் இருக்கும். அந்த வரிசையின் முன் நின்று 81ஐ மனக்கண்ணால் எண்ணிப் பாருங்கள். ஒரு பெண்ணின் உயிருக்காக அவள் வீட்டார் கொண்டுவந்து நிறுத்தியது எவ்வளவு என்பது அப்போது விளங்கும்.